முதல் ஆடியோ இன்டர்ஃபேஸ்: குறைந்த விலையில் எதை எடுப்பது, எதை விடுவது

மைக்கையும் வாத்தியத்தையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். அதை வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் "24 பிட் / 192 கிலோஹெர்ட்ஸ்" என்ற எண்தான். வீட்டில் லேப்டாப் வைத்துப் பாட்டுப் பதிவு செய்கிறவருக்கு அந்த எண்ணால் ஆகப்போவது மிகக் குறைவு. மைக்குக்கு எத்தனை டெசிபல் கெயின் (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவு) கிடைக்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை மைக் செருகலாம், விண்டோஸில் அதற்கென்று சொந்த ட்ரைவர் (பெட்டியை லேப்டாப்போடு பேச வைக்கும் மென்பொருள்) உண்டா, இந்த மூன்றையும் பார்த்து வாங்கினால் ஐந்தாறு வருடம் அந்தப் பெட்டியை மாற்றவேண்டி வராது. பார்க்காமல் வாங்கினால் ஆறே மாதத்தில் விற்றுவிட்டு அடுத்ததைத் தேட வேண்டியிருக்கும். அந்த அலைச்சலும் பணவிரயமும் வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

இங்கே ஒப்பிடுபவை எம்-ஆடியோ எம்-ட்ராக் சோலோ, பெரிங்கர் யூஎம்சி22, பெரிங்கர் யூஎம்சி202எச்டி, ஆடியன்ட் ஈவோ 4, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையில் நான்காம் தலைமுறை சோலோ, அதே தலைமுறை 2ஐ2, மோட்டு எம்2. முதல் இரண்டும் அடிமட்ட விலை. அடுத்த படியில் யூஎம்சி202எச்டி. அதற்கு மேல் ஈவோ 4, ஸ்கார்லெட் சோலோ. மேல்படியில் 2ஐ2, எம்2. டாலர் ஏறினாலும் தீபாவளித் தள்ளுபடி வந்தாலும் விலை எண் மாறும், இந்தப் படிவரிசை அவ்வளவாக மாறாது. அதனால் எண்களை விட்டுவிட்டோம்.

மைக் எது என்பதிலிருந்து தொடங்குங்கள்

இன்டர்ஃபேஸை மைக்கோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். மைக்கின் தாளில் "சென்சிட்டிவிட்டி" என்று ஓர் எண் இருக்கும். 94 டெசிபல் சத்தம், அதாவது மைக்குக்குப் பக்கத்தில் நின்று நன்றாகக் குரல் எடுத்துப் பாடுகிற அளவு, உள்ளே போனால் எத்தனை மில்லிவோல்ட் வெளியே வரும் என்பதை அது சொல்கிறது. ரோட் என்டி1-ஏ என்ற கன்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் ஓடும் வகை) 25 மில்லிவோல்ட் தருகிறது. ஆடியோ-டெக்னிகா ஏடி2020 சுமார் 14. மேடையில் எல்லோரும் பிடித்துப் பாடும் ஷூர் எஸ்எம்58 டைனமிக் வகை, மின்சாரம் வேண்டாதது, அது தருவது 1.85 மட்டுமே. பாட்காஸ்ட் வீடியோக்களில் அடிக்கடி தெரியும் ஷூர் எஸ்எம்7பியும் டைனமிக்தான், அது தருவது இன்னும் குறைவு, 1.12.

இதே எஸ்எம்58 முன்னால் உட்கார்ந்து மெல்லிய ஆலாபனை பாடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சத்தம் 94-லிருந்து 74 டெசிபலுக்கு இறங்கிவிடும். 20 டெசிபல் குறைந்தால் வோல்டேஜ் பத்தில் ஒன்றாகும். மைக்கிலிருந்து வருவது 0.185 மில்லிவோல்ட். இதை இன்டர்ஃபேஸ் 60 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு பெருக்கினால்தான் 0.185 வோல்ட் ஆகும். என்டி1-ஏ அதே சத்தத்துக்கு 2.5 மில்லிவோல்ட் தருவதால், அதற்கு ஏறக்குறைய 37 டெசிபல் கெயினே போதும். இரண்டு மைக்குக்கும் நடுவில் இருக்கும் இந்த 23 டெசிபல் இடைவெளிதான் பலரைக் குழப்புகிறது. ஒருவர் "இந்தப் பெட்டி அருமை" என்கிறார், இன்னொருவர் அதே பெட்டியை "சத்தமே ஏறவில்லை, ஒரே இரைச்சல்" என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. அவர்கள் கையில் இருக்கும் மைக்தான் வேறு.

கெயின் எண்களைப் பாருங்கள். ஸ்கார்லெட் சோலோ 57 டெசிபல், ஈவோ 4-ல் 58, எம்2-ல் 60, ஸ்கார்லெட் 2ஐ2-ல் 69. கன்டென்சர் மைக் வைத்திருக்கிறவருக்கு இவற்றில் எதுவும் போதும், யூஎம்சி202எச்டியும் போதும். டைனமிக் மைக்கில் கணீரென்று பாடுகிறவருக்கும் கவலை இல்லை. டைனமிக் மைக்கில் தாழ்ந்த குரலில் பேசவோ கதை வாசிக்கவோ போகிறவர்தான் யோசிக்க வேண்டும். விலை குறைந்த பெட்டிகளில் கெயின் குமிழின் கடைசிக் கால் திருப்பில் சத்தத்தோடு "ஸ்ஸ்" என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். எஸ்எம்7பி வாங்கியே தீருவேன் என்கிறவருக்கு 2ஐ2 நேரான வழி. இல்லையென்றால் கிளவுட்லிஃப்டர் அல்லது ஃபெட்ஹெட் போன்ற பூஸ்டரை மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் மாட்டலாம். முன்னது 25, பின்னது 27 டெசிபல் வரை ஏற்றித் தரும். இரண்டுக்குமே ஃபேண்டம் பவர் வேண்டும், அது என்ன என்பது அடுத்த பத்தியில். ஆனால் மலிவான இன்டர்ஃபேஸ், அதற்கு மேல் பூஸ்டர், கூடுதலாக ஒரு கேபிள் என்று கூட்டிப் பார்த்தால், ஒரு படி மேலே உள்ள இன்டர்ஃபேஸுக்கான பணத்தை நெருங்கிவிடும்.

ஃபேண்டம் பவர் என்பது கன்டென்சர் மைக்குக்கு அதே கேபிள் வழியாகப் போகும் 48 வோல்ட். மேலே சொன்ன ஏழிலும் உண்டு. எஸ்எம்58-க்கு அது தேவையில்லை, போட்டாலும் கெடாது. மைக்கிலிருந்து கேனன் பின்னில் (எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் கனெக்டர்) தொடங்கி இன்டர்ஃபேஸ் பக்கம் கேனனிலேயே முடியும் கேபிளாக வாங்குங்கள். ஒரு பக்கம் கேனன், மறுபக்கம் பி38 ஜாக் (கிட்டாரில் செருகும் பெரிய ஜாக்) உள்ள மேடைக் கேபிளில் 48 வோல்ட் போகாது. மைக் செத்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் நிகழ்வுகளில் பாதிக்கு இந்தக் கேபிள்தான் காரணமாக இருக்கும்.

குரல் மட்டுமா, கூட வாத்தியமும் உண்டா

தனியாகப் பாடி, பிறகு மேலே மேலே டிராக் அடுக்குகிறவருக்கு ஒரு மைக் வாசல் போதும். ஸ்கார்லெட் சோலோ, யூஎம்சி22, எம்-ட்ராக் சோலோ மூன்றும் இந்த வகை: ஒரு மைக், கூடவே கிட்டாரோ பிக்கப் (அதிர்வை மின் சிக்னலாக்கும் உறுப்பு) வைத்த வீணையோ செருக ஒரு ஜாக். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவருக்கும் கிட்டாரில் பிக்கப் இருந்தால் இது சரிப்படும்.

மிருதங்கம் வந்தால் கணக்கு மாறும். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் வைத்தால்தான் "நம்" என்ற மீட்டும் "கும்" என்ற அடியும் பிறகு தனித்தனியே ஏற்றி இறக்கக் கிடைக்கும். இரண்டு மைக் வாசல் உள்ளவை யூஎம்சி202எச்டி, ஈவோ 4, 2ஐ2, எம்2. எம்-ட்ராக் சோலோவும் ஸ்கார்லெட் சோலோவும் பெயரிலேயே சொல்லிவிடுகின்றன, அவற்றில் இரண்டாவது மைக்குக்கு இடமில்லை. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் சோலோ வாங்கினவர் ஒரு வருடத்துக்குள் வருத்தப்படுவது பெரும்பாலும் இந்த ஒன்றுக்காகத்தான். நண்பர் வயலினோடு வீட்டுக்கு வருவார், மைக் இரண்டாவது இருக்கும், செருக வாசல் இருக்காது. குரலும் மிருதங்கமும் ஒரே நேரத்தில் என்றால் மூன்று மைக். அதற்கு யூஎம்சி404எச்டி போன்ற நான்கு மைக் பெட்டிக்குப் போகவேண்டும், அது தனி அடாப்டரில் ஓடுவது.

பிக்கப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வீணையிலும் வயலினிலும் ஒட்டும் சின்ன வட்டத் தகடு பீசோ வகை. மின்சார ரீதியில் அது ஒரு கெபாசிட்டர் மாதிரி. 15 நானோஃபாரட் உள்ள தகட்டை 10 கிலோஓம் உள்ள சாதாரண லைன் வாசலில் (கீபோர்டு, மிக்ஸர் போன்றவற்றுக்கானது) செருகினால், சுமார் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துபோகும். வீணையின் மந்தர ஸ்தாயி முழுவதும், மத்திய ஸ்தாயியின் அடிநாதமும் அதற்குக் கீழேதான். கேட்கிறவருக்கு வீணை தகர டப்பா மாதிரி ஒலிக்கும். அதே தகட்டை 1 மெகாஓம் உள்ள "இன்ஸ்ட்ருமென்ட்" வாசலில் செருகினால் அந்த வெட்டு 10 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், காதுக்குக் கேட்கும் எதையும் தொடாது. யூஎம்சி202எச்டியில் லைன், இன்ஸ்ட்ருமென்ட் என்று பொத்தான் இருக்கிறது, அதை அழுத்த மறக்கக் கூடாது. ஈவோ 4-ல் இதற்கு முன்பக்கம் தனி ஜாக். அதில் செருகினால் முதல் சானல் வாத்தியத்துக்குப் போய்விடும், குரல் மைக்கை இரண்டாவதில் மாட்ட வேண்டும்.

இந்த இடத்தில் சிலர் யூஎஸ்பி மிக்ஸரை நினைப்பார்கள். மேடைக்கும் ஆகும், பதிவுக்கும் ஆகும் என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் யமஹா எம்ஜி10எக்ஸ்யூ போன்ற மிக்ஸர் எத்தனை மைக் செருகினாலும் லேப்டாப்புக்கு அனுப்புவது கலந்து முடித்த இரண்டு டிராக் மட்டுமே. பாடகியின் குரல் தாழ்ந்து போயிருந்தால் பிறகு குரலை மட்டும் ஏற்ற முடியாது. கச்சேரியே பிரதானம், பதிவு கூடுதல் என்றால் மிக்ஸர் எடுங்கள். பதிவுதான் பிரதானம் என்றால் வேண்டாம்.

யூஎஸ்பி மைக் ஒருவர் பேசி வீடியோ போடுவதற்கு நல்லது. அத்தோடு சரி.

16 பிட் பெட்டி வாங்கலாமா

யூஎம்சி22, எம்-ட்ராக் சோலோ இரண்டும் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான். 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 48 ஆயிரம் முறை ஒலியை அளந்து சாம்பிள் எடுப்பது, போதும், அதைப் பற்றி மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். 192-ல் பதிவு செய்தால் 24 பிட் மோனோ டிராக் ஒரு நிமிடத்துக்கு சுமார் 35 மெகாபைட் தின்னும், 48-ல் அதுவே 9-க்குள் முடியும். பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த வித்தியாசம் பெரிது, காதுக்கு அல்ல.

பிட் எண் வேறு கதை. 16 பிட்டில் உச்சத்திலிருந்து அடிவரை 96 டெசிபல் இடம். பாட்டில் திடீரென்று மேல் ஸ்தாயி போகும்போது சிவப்பு விளக்கு எரியாமல் இருக்க 18 டெசிபல் விட்டுவைத்தால், மீதி 78. மின்விசிறி ஓடும் அறையில் இதுவே தாராளம். ஆனால் விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, என்டி1-ஏ போன்ற அமைதியான மைக்கில் விருத்தம் பாடிப் பதிவு செய்து, பிறகு கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) போட்டு ஏற்றும்போது அடியில் இருக்கும் இரைச்சலும் கூடவே ஏறி வரும். 24 பிட் பெட்டியில் உச்சத்தை மைனஸ் 12 டெசிபலில் நிறுத்தி நிம்மதியாகப் பாடலாம். அளவு பார்த்துக்கொண்டே பாட வேண்டியதில்லை என்பது பாடகருக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பது பாடினவருக்குத் தெரியும்.

ஆகவே அடிமட்டத்தில் இருக்கும் இரண்டையும் டெமோ பாடவும், ஆன்லைன் சங்கீத வகுப்புக்கும், கையில் உண்மையிலேயே அவ்வளவுதான் பணம் என்ற நிலைக்கும் மட்டும் பரிந்துரைக்கிறோம். எம்-ட்ராக் சோலோவில் ஸ்பீக்கருக்குப் போவது ஆர்சிஏ ஜாக், ஹெட்ஃபோன் 3.5 மி.மீ. என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்க்க முடியுமென்றால் யூஎம்சி202எச்டிதான் முதல் படியாக இருக்க வேண்டும்.

ட்ரைவரும் தாமதமும்

பாடுகிற குரல் மைக்கில் நுழைந்து, லேப்டாப் போய், ஹெட்ஃபோனில் திரும்பி வர ஆகும் நேரமே லேட்டன்சி. பஃபர் (லேப்டாப் ஒரு தடவையில் எடுத்துக் கையாளும் ஒலித் துண்டு) 256 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லி விநாடி. போகவும் வரவும் 10.7, அதற்கு மேல் பெட்டியின் சொந்தத் தாமதம். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆவதால், இது மூன்றரை மீட்டருக்கு அப்பால் நிற்பவர் பாடுவதைக் கேட்பது போல. கிட்டார்க்காரர் சமாளித்துவிடுவார். பாடகருக்குத் தன் குரல் தலைக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்க, ஹெட்ஃபோனில் பின்னால் இன்னொன்று வரும், சுருதி பிடிப்பதே சிரமமாகும்.

விண்டோஸில் இதைக் குறைப்பது ஏசியோ ட்ரைவர். யூஎம்சி202எச்டி, ஈவோ 4, ஸ்கார்லெட், மோட்டு எல்லாவற்றுக்கும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த ஏசியோ ட்ரைவர் இருக்கிறது. யூஎம்சி22-க்கு இல்லை, ஏசியோ4ஆல் என்ற பொது ட்ரைவரை நம்ப வேண்டும். அது வேலை செய்யும். ஆனால் யூடியூபில் கரோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவு மென்பொருளைத் திறந்தால் சவுண்ட் கார்டு யார் கையில் என்ற சண்டை வரும், ஒன்றில் சத்தம் போய்விடும். கரோக்கி கோப்பை மென்பொருளுக்குள்ளேயே ஒரு டிராக்காக இழுத்துப் போட்டுவிடுவது இதற்கு நல்ல வழி. மேக், லினக்ஸ் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை, யூஎம்சி22 செருகினவுடன் ஓடும்.

லேட்டன்சியில் முன்னால் நிற்பது எம்2. 96 கிலோஹெர்ட்ஸில் 32 சாம்பிள் பஃபரில் போய்வர 2.5 மில்லி விநாடி என்று மோட்டு சொல்கிறது. கிட்டார் ஆம்ப் மென்பொருள் வழியாக வாசிக்கிறவருக்கு அதன் அருமை உடனே தெரியும். அதன் முகப்பில் இருக்கும் சிறு திரையில் அளவு பட்டையாக ஏறி இறங்குவதும் பெரிய உதவி, லேப்டாப்பை எட்டிப் பார்க்காமலே மிருதங்க அடியின் உச்சம் தெரியும். வெறும் குரல் பதிவுக்கு இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஏனென்றால் "டைரக்ட் மானிட்டர்" வசதி இருக்கிறது, மைக் சத்தம் லேப்டாப் போகாமலே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். அதைப் போட்டவுடன் பதிவு மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும்.

பாடும்போது பஃபர் 128, கலவை செய்யும்போது 1024 என்று வைத்துக்கொள்ளுங்கள். "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் பஃபரை ஒரு படி ஏற்றுங்கள், வைஃபையை அணைத்துப் பாருங்கள், பவர் அமைப்பில் யூஎஸ்பி தானாகத் தூங்குவதை நிறுத்துங்கள். குரல் ஒரு காதில் மட்டும் கேட்டால் பெட்டியில் குறையில்லை, ஸ்டீரியோ டிராக்கில் ஒற்றை மைக்கைப் பதிவு செய்கிறீர்கள், மோனோ டிராக் எடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருள் வழக்கமாகக் கிடைக்கும் வடிவில் ஏசியோவோடு வருவதில்லை. வாங்கின ட்ரைவரின் பயன் முழுதாகக் கிடைக்க ரீப்பர் போன்ற மென்பொருளுக்கு மாறுவது நல்லது.

இன்னொன்று, மென்பொருளும் கோப்பும் ஒரே சாம்பிள் வேகத்தில் (கிலோஹெர்ட்ஸ் எண்) இருக்கட்டும். 48-ல் பதிவானதை 44.1-ல் ஓடவிட்டால் 5 கட்டையில் பாடினது நாலரைக்கும் நாலுக்கும் நடுவில் இறங்கி ஒலிக்கும், தாளமும் தளரும். தம்பூரா செயலியோடு சேரவில்லையே என்று பாடகரைத் திரும்பப் பாடச் சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

தானாக அளவு வைக்கும் வசதி

ஒருவரே பாடி, ஒருவரே பட்டனும் அழுத்துகிற வீட்டில் இது உண்மையான உதவி. ஈவோ 4-ன் ஸ்மார்ட்கெயின், 2ஐ2-ன் ஆட்டோ கெயின் இரண்டும் சில விநாடி பாடச் சொல்லிக் கேட்டுத் தாமே கெயின் வைக்கும். 2ஐ2-ல் கிளிப் சேஃப் என்று இன்னொன்றும் உண்டு. சத்தம் உச்சத்தைத் தொடப் போனால் தானே இறக்கிவிடும், தனி ஆவர்த்தனத்தில் வாசிப்பவர் எப்படி ஓங்குவார் என்று முன்கூட்டித் தெரியாதபோது காப்பாற்றும். நான்காம் தலைமுறை சோலோவில் இவை இரண்டும் இல்லை. சோலோவையும் ஈவோ 4-ஐயும் பக்கத்தில் வைத்தால், இரண்டு மைக், தானியங்கி கெயின் இரண்டையும் தரும் ஈவோ 4-ஐத்தான் எடுக்கச் சொல்வோம். அதன் உச்சம் 96 கிலோஹெர்ட்ஸ் என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பெரிய குமிழ் என்பதுதான் அதில் பழக வேண்டியது, எந்தச் சானல் தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திருப்ப வேண்டும்.

மின்சாரம்

இந்த ஏழும் லேப்டாப் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பவை. பழைய யூஎஸ்பி 2 துளை தருவது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 துளை 900. 2ஐ2-க்கு லேப்டாப் தருவது போதாவிட்டால், பின்பக்கம் இருக்கும் இரண்டாவது யூஎஸ்பி-சி துளையில் 5 வோல்ட் சார்ஜர் மாட்ட வேண்டும். அடாப்டர் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் எந்த இன்டர்ஃபேஸையும் செருகாதீர்கள். ஃபேண்டம் பவர் போட்ட நிமிடத்தில் பெட்டி விட்டு விட்டு வேலை செய்யும்.

"ம்ம்ம்" என்ற 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் குற்றம் இன்டர்ஃபேஸில் இல்லை, எர்த்தில் இருக்கிறது. இரண்டு பின் சார்ஜர், எர்த் இல்லாத சுவர் பாயின்ட், ஸ்பீக்கர் வேறு பாயின்டில் என்று எங்கோ கோளாறு. லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள், ஸ்பீக்கருக்கு மூன்று பட்டை உள்ள டிஆர்எஸ் கேபிள் போடுங்கள். ரீங்காரம் போகிறதென்று எர்த் பின்னை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், உயிருக்கு ஆபத்து, செய்யவே கூடாது. சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும் வீட்டில் கரண்ட் போனதும் இரைச்சல் கூடும். அப்போது பேட்டரியிலேயே பதிவு செய்வது நல்லது, யூஎஸ்பியில் ஓடும் இன்டர்ஃபேஸும் பேட்டரியில் ஓடும் லேப்டாப்பும் சேர்ந்தால் சுவரோடு தொடர்பே இல்லை.

கடையில் பார்க்க வேண்டியது

பழையதோ புதியதோ, உங்கள் லேப்டாப், உங்கள் மைக், உங்கள் ஹெட்ஃபோன் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ட்ரைவரை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டியாக இருந்தால் அந்த மாடலுக்கு உங்கள் விண்டோஸ் பதிப்புக்கான ட்ரைவர் இன்னும் கிடைக்கிறதா என்பதை நிறுவனத்தின் தளத்தில் முதலில் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மைக் மாட்டி, 48 வோல்ட் போட்டு, கெயினை மெல்ல முழுதும் திருப்புங்கள். குமிழ் திரும்பும்போது "கரகர" என்றால் உள்ளே தேய்ந்திருக்கிறது. யூஎஸ்பி கேபிளை பெட்டிப் பக்கம் லேசாக அசைத்துப் பாருங்கள், விளக்கு அணைந்து எரிந்தால் துளை தளர்ந்துவிட்டது. பிறகு ஒரு நிமிடம் பாடி, அந்த இடத்திலேயே அதை ஹெட்ஃபோனில் முழுதாகக் கேளுங்கள். பாட்டு முடிந்த பின் வரும் பத்து விநாடி அமைதியையும் சேர்த்துக் கேளுங்கள். கடைச் சத்தத்துக்கு அடியில் சீரான "ஸ்ஸ்" இருந்தால் அது அந்தப் பெட்டியின் இரைச்சல், வீட்டுக்கு வந்தாலும் கூடவே வரும்.